வாக்குவம் கிளீனர் வாங்குமுன் ஃபில்டரின் விலையைக் கேளுங்கள்

வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் தூசியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்ட ஆரம்பித்த பிறகு, காலையில் துடைத்த டீப்பாயில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம் என்று ஆகிவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புழுதி. எனக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும், அப்பாவுக்குப் பழகவில்லை. எழுபதைத் தாண்டியவர், ஏற்கெனவே வீசிங் உள்ளவர். கணவர் வேலை நிமித்தம் ஓசூரில் இருக்கிறார், மாதத்துக்கு ஓரிரு முறைதான் வந்து போவார். ஆக, நடுராத்திரியில் அப்பா எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும்போது இன்ஹேலரைத் தேடி எடுப்பதும், முதுகைத் தடவிக்கொடுப்பதும், விடிந்ததும் வீட்டைத் துடைப்பதும் நான் ஒருத்திதான்.

நுரையீரல் மருத்துவர் மாத்திரை எழுதியதைவிட வீட்டைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். பெருக்கும்போது அப்பா எங்கே இருப்பார், என்ன மெத்தை, விரிப்பை எப்படித் துவைக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். பூந்துடைப்பத்தால் ஈரமில்லாமல் பெருக்குவது தூசியை எடுப்பதைவிடக் கிளப்பிவிடுவதே அதிகம், அப்படிக் கிளம்பும் நுண்தூசி வெகுநேரம் காற்றில் மிதக்கும் என்றார். தரைக்கு ஈரத் துணி போதும். விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தைக்கும் சோபாவுக்கும் ஒரு வாக்குவம் கிளீனர் வாங்குங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த மூன்றாவது விஷயம் நிறைவேற ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. கைக்கு ஒன்றும் வராமலே போன பணம் நாலாயிரத்துச் சொச்சம். அலைச்சலுக்குக் கணக்கு வைக்கவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் முதலிலேயே பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது கையில் பிடிக்கும் சின்ன ரகம். இணையத் தள்ளுபடியில் 2,799 ரூபாய். 800 வாட் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதன் கீழே, நுண்தூசியையும் பிடிக்கும் ரகம் என்று சொல்லப்படும் ‘ஹெபா ஃபில்டர்’ என்றும் இருந்தது. முதல் வாரம் நன்றாகவே இழுத்தது. பிறகு சத்தம் மட்டும் அப்படியே இருக்க, இழுவை குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மதியம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் சோபாவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். இயந்திரத்தின் பின்பக்கத் துவாரத்திலிருந்து மெல்லிய புகை போல ஒன்று வெயிலில் சுழன்று வெளியே வருவது தெரிந்தது. மோட்டார்தான் எரிகிறதோ என்று பதறி நிறுத்தினேன். புகை இல்லை, தூசி. முன்பக்கம் உறிஞ்சியதில் பருமனானதை வைத்துக்கொண்டு, அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாத நுண்ணியதை எல்லாம் அது பின்பக்கமாக அறைக்குள் தூவிக்கொண்டிருந்தது. ‘ஹெபா’ என்று எழுதியிருந்த அந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக வைத்த ஒரு தாள், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம், வளையத்துக்கும் உடலுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. ரப்பர் வளையம் கிடையாது. மாற்று ஃபில்டர் கேட்டால் கையிருப்பில் இல்லை என்றார்கள். வேறொருவர் விற்ற ‘பொருந்தும்’ ஃபில்டரை 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன், அது பொருந்தவில்லை. திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தது. அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். வாட் என்பது இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதற்கான கணக்கு. எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் பெரும்பாலான வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்று உச்சவரம்பு வைத்து, 2017-இல் அதை 900 வாட்டுக்கு இறக்கியது. சுவர் விட்டுச் சுவர் கம்பளம் விரித்திருக்கும் வீடுகளையே 900 வாட்டுக்குள் சுத்தம் செய்கிறார்கள் என்றால், மொசைக்கும் டைல்ஸும் போட்ட நம் வீட்டுக்கு 2,000 வாட் எதற்கு? பார்க்க வேண்டியது இழுவை அழுத்தம், கிலோபாஸ்கல் கணக்கில் போட்டிருப்பார்கள். வயர் உள்ள பெரிய இயந்திரங்களில் இருபதை ஒட்டி இருக்கும், கையடக்க ரகங்களில் பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. குழாயை அடைத்துவிட்டு அளக்கும் எண் அது என்பதால் காற்றோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டையும் போடாமல் வாட்டை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் சந்தேகப்படுவது நல்லது.

இரண்டாவது, ஹெபா. அசல் ஹெபா என்றால் அமெரிக்கக் கணக்கில் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பியத் தர எண்ணில் எச்13 என்றால் 99.95 சதவீதம். பெட்டியில் இப்படித் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹெபா போன்ற’, ‘ஹெபா வகை’ என்பதெல்லாம் வெறும் விளம்பரப் பேச்சு. எண் சரியாக இருந்தாலும் ஃபில்டரைச் சுற்றி ரப்பர் அடைப்பு இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியைத்தான் தேடும், சந்து வழியாகப் போய்விடும். இதைச் சோதிப்பது எளிது. இருட்டான அறையில் இயந்திரத்தை ஓடவிட்டு, கொஞ்சம் முகப்பவுடரை உறிஞ்சவைத்து, காற்று வெளியேறும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளியில் துகள் பறந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இதை வாங்கிய அன்றே செய்ய வேண்டும், கெடு முடிந்த பிறகு செய்து பயனில்லை.

அடுத்து வீட்டுக்கே வந்தார் ஒருவர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். டை கட்டிய இளைஞர், பெரிய பெட்டி, பளபளக்கும் இயந்திரம். இயந்திரத்தின் வாயில் ஒரு கறுப்புத் துணி வட்டத்தைப் பொருத்தி அப்பாவின் மெத்தையில் ஓர் இழுப்பு இழுப்பார். துணியில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்கும். அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அடுத்த துணி. அப்படியே கூடம் முழுக்க வரிசையாக அடுக்கினார். “சார் இதற்கு மேல்தான் தினமும் படுக்கிறார், மேடம்” என்றார். அப்பா எதிரே உட்கார்ந்து அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவரைக் குப்பையில் படுக்க வைத்திருக்கிறேன் என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டது போல இருந்தது. இயந்திரத்தின் விலை ஒரு லட்சத்துக்கு மேல். இன்றைக்கே முன்பணம் கட்டினால் பெரிய தள்ளுபடி, நாளைக்கு என்றால் கிடையாது என்றார். 5,000 ரூபாய் அனுப்பினேன்.

இரவு படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் அதே மெத்தையில் வேறு எந்த இயந்திரத்தையும் வைத்துக் காட்டவில்லை. மறுநாள் என் 2,799 ரூபாய் இயந்திரத்தின் வாயில் பழைய கறுப்பு ரவிக்கைத் துணியைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். அதிலும் வட்டம் வட்டமாகத் தூசி விழுந்தது. எந்த மெத்தையிலும், எத்தனை முறை இழுத்தாலும் விழும். தோலின் செதில், பருத்தி நார், நுண்தூசி எல்லாம் துணியில் இருந்துகொண்டேதான் இருக்கும். பிறகு படித்தபோது தெரிந்தது, இந்த வித்தைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் 1901-இல் உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுப்பதற்கு முன்பு, ஓர் உணவகத்தில் நாற்காலி மெத்தையின் மீது கைக்குட்டையை வைத்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்ததாகச் சொல்வார்கள். கைக்குட்டையின் மறுபக்கம் தூசி வட்டம் விழுந்ததாம். மனிதனின் வாயே காட்டும் வித்தையைத்தான் ஒரு லட்சம் ரூபாய் இயந்திரம் என் கூடத்தில் காட்டிவிட்டுப் போயிருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னதும் ‘சார், மேடம்’ எல்லாம் நின்றுபோனது. கிளை மேலாளரைக் கேளுங்கள், தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலைப்பட்டியல், ரத்து செய்வதாக நான் அனுப்பிய செய்தி மூன்றையும் சேர்த்துப் புகார் பதிந்தேன். 1,000 ரூபாயைச் ‘செயல்முறைக் கட்டணம்’ என்று பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பினார்கள். அந்த ஆயிரத்துக்காக மேலும் போராடத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து செய்துகாட்டுபவர்களை உள்ளே விடுவதில் தவறில்லை. அன்றைக்கே பணம் கொடுக்கமாட்டேன் என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டு உட்கார வையுங்கள். பேச்சு எல்லாமே எழுத்தில் இருக்கட்டும்.

வயர் இல்லாத ஸ்டிக் ரகத்தை நான் வாங்கவில்லை. நாத்தனார் வீட்டிலிருந்து ஒரு வாரம் இரவல் வாங்கி வந்தேன். தூக்க எடை இல்லை, சுவரில் மாட்டிவிடலாம், பார்க்கவும் அழகு. ஆனால் மெத்தைக்கு வேண்டிய முழு வேகத்தில் வைத்தால் பத்து நிமிடத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. விளம்பரத்தில் வரும் 40 நிமிடம் எல்லாம் குறைந்த வேகத்துக்கு. லித்தியம் பேட்டரி வருடத்துக்கு வருடம் தேயும் பொருள். அந்த மாடலுக்குப் புதுப் பேட்டரியின் விலையைக் கேட்டேன், இயந்திரத்தின் விலையில் கால் பங்குக்கு மேல் சொன்னார்கள். பட்ஜெட் பத்தாயிரத்துக்குள் என்றால் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

உருப்படியான பேச்சு கிடைத்தது வடபழனியில் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம். செத்துப்போன என் சின்ன இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “எதை உறிஞ்சினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், அம்மா” என்றார். அவரிடம் வரும் வாக்குவம் கிளீனர்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருகின்றனவாம். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், காற்று போகாது, அந்தக் காற்றுதான் மோட்டாரையும் குளிரவைக்கிறது என்பதால் மோட்டார் கருகும். அலமாரியிலிருந்து, மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சர் ஒன்றை எடுத்துக் காட்டினார். செம்புக் கம்பிச் சுற்று கறுத்துப்போய், விரல் வைத்தால் வார்னிஷ் உதிர்ந்தது. பக்கத்தில், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் இரண்டு தேய்ந்துபோய், சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தன. கார்பன் தேய்வது இயல்பு, சில நூறு ரூபாயில் முடியும். ஆர்மேச்சர் போனால் விலை குறைந்த இயந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எதெல்லாம் அடைக்கும் என்று அவர் சொன்ன பட்டியல் நம் வீடுகளுக்கென்றே எழுதியது போல இருந்தது. கோலமாவு, விபூதி, ஊதுபத்திச் சாம்பல், சுவரைத் துளைக்கும்போது உதிரும் சுண்ணாம்பு, சிமென்ட் தூள். இவற்றின் நுண்தூள் ஃபில்டரின் கண்களில் போய் அப்பிக்கொள்ளும். பூஜை அறையில் சாம்பலை உறிஞ்சும்போது அடியில் கனல் இருந்தால் உள்ளே இருக்கும் குப்பையே பற்றிக்கொள்ளலாம். உருளும் பிரஷ் உள்ள இயந்திரமென்றால் நீண்ட தலைமுடியும் மல்லிகைச் சரத்தின் நாரும் அச்சில் சுற்றிக்கொண்டு இறுகும். கம்பளமே இல்லாத வீட்டுக்கு அந்த உருளும் பிரஷ் எதற்கு என்பது அவர் கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் தலைப்பில் இருப்பது. கடையில் இயந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன்பு, அதன் ஃபில்டர், பை, ஹோஸ் மூன்றும் என்ன விலை, இன்றைக்குக் கடையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள் என்றார். வாரண்டியில் பெரும்பாலும் சேராதவையும் அவைதான், முதலில் போவதும் அவைதான். ஹோஸ் எப்போதும் கழுத்தில்தான் கிழியும், இயந்திரத்தைக் குழாயைப் பிடித்து இழுப்பதால்.

இப்படிக் கேட்க ஆரம்பித்ததும் கடைகளில் முக்கால்வாசி மாடல்கள் தாமாகவே கழிந்துவிட்டன. மிச்சம் நின்றவை மூன்று வகை. டிரம் போன்ற ஈர, உலர் இயந்திரம் நாலாயிரத்திலிருந்து கிடைக்கிறது. முரட்டு உழைப்பு, தண்ணீரையும் உறிஞ்சும், காரும் சுத்தம் செய்யலாம். ஆனால் அதன் துணி ஃபில்டரை வாரம் ஒரு முறை உதற வேண்டும், உதறினால் பிடித்த தூசி முழுவதும் முகத்தில். தண்ணீர் எடுக்கும்போது துணி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் உறையை மாட்ட வேண்டும், மறந்தால் ஃபில்டர் களியாகிவிடும். பை இல்லாமல், காற்றைச் சுழற்றிக் குப்பையைப் பிரிக்கும் சைக்ளோன் ரகத்தில் குப்பை கண்ணாடி டப்பாவில் சுற்றுவது கண்ணுக்கு விருந்து, பைச் செலவும் இல்லை. காலி செய்யும்போது அங்கேயும் ஒரு புழுதி மண்டலம். வீட்டில் மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் இல்லையென்றால் இந்த இரண்டில் எதை வாங்கினாலும் பாதகமில்லை. எங்கள் வீட்டுக்குச் சரிப்பட்டது பழைய பாணிக் காகிதப் பை வைத்த தரை இயந்திரம்தான். பை முக்கால் நிரம்பியதும் வாயை மூடி அப்படியே குப்பையில் போட்டுவிடலாம், தூசி வெளியே வராது. 1,200 வாட், வெளியேறும் இடத்தில் எச்13 ஃபில்டர், 6,400 ரூபாய்.

கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி நான் பார்த்தவை இவை. வயர் ஐந்து மீட்டராவது இருக்கிறதா, இல்லாவிட்டால் அறைக்கு அறை பிளக்கைப் பிடுங்கி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிளக் சின்னதா, பெரியதா. நம் சாதாரண ஆறு ஆம்பியர் பாயிண்ட், 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். அதற்கு மேற்பட்ட இயந்திரத்துக்குப் பெரிய பாயிண்ட் வேண்டும், அது பெரும்பாலும் சமையலறையிலும் ஏ.சி. இருக்கும் அறையிலும் மட்டுமே இருக்கும். ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பேச முடிகிறதா என்று பார்த்தேன். குழாயின் வாயைக் கையால் மூடினால் மோட்டாரின் சத்தம் மாற வேண்டும். மாறாவிட்டால் எங்கோ காற்று கசிகிறது என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதலில் அதைத் தொடவே மாட்டேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐந்து கிலோவை இழுத்துக்கொண்டு குனிவதைவிட, உட்கார்ந்து ஈரத் துணியால் துடைப்பது அவருக்கு வேகம். தரை அவர் கைக்கே போயிற்று, இயந்திரத்தைவிடச் சுத்தமாகவும் இருக்கிறது. மெத்தை, சோபா, திரைச்சீலை, கொசுவலைச் சட்டம், புத்தக அடுக்கு, கட்டிலுக்கு அடி ஆகியவை இயந்திரத்துக்கு. மின்விசிறிக்கு எதுவும் வேண்டாம்: பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும், ஏணி மேல் நின்று குழாயைத் தூக்குவதைவிட இது எவ்வளவோ சுலபம். அப்பாவைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, மேலிருந்து கீழாகச் செய்து, ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே உள்ளே அழைக்கிறேன். மெத்தையில் உள்ள தூசிப்பூச்சி துணியை இறுகப் பற்றிக்கொள்ளும், உறிஞ்சினால் எல்லாம் போய்விடாது. வெந்நீர்த் துவையலும் மெத்தைக்கு மேல் உறையும் இல்லாமல் இயந்திரம் மட்டும் வாங்கினால் பாதி வேலைதான். அப்பாவின் இரவுத் திணறல் குறைந்திருக்கிறது. அதில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நடப்புச் செலவில் மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை. இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது. செலவு பையில்தான். ஐந்து பை கொண்ட பொட்டலம் 550 ரூபாய், எங்களுக்கு ஒரு பை ஐந்தாறு வாரம் வருகிறது. இதில் மிச்சம் பிடிக்கலாம் என்று 200 ரூபாய்க்கு உள்ளூர்ப் பையும் வாங்கிப் பார்த்தேன். அதன் அட்டைக் கழுத்து குழாய் வாயில் இறுக்கமாக உட்காராமல் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது, இரண்டாவது முறை ஓடியபோது மூடிக்குள் எல்லாம் மாவு போலத் தூசி. நல்லவேளை, அதற்குப் பின்னால் இருந்த ஃபில்டர் தப்பித்தது. இப்போது அசல் பையையே இரண்டு பொட்டலமாக வாங்கி வைக்கிறேன். மாடல் எண்ணை இயந்திரத்தின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரிலிருந்து கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் வேறு அளவைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்.